ஒரு வீட்டிலிருந்து குடியிருப்பு முழுக்க: பசுமை வாழ்க்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் தென்புறத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் சங்கத்தில் குப்பை, தண்ணீர், பொது மின்சாரம் மூன்றும் சில வருடங்களாக என் தலையில் இருக்கின்றன. யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. மற்றவர்கள் வேண்டாம் என்றார்கள், எனக்கு வந்து சேர்ந்தது. படிக்கட்டிலும் லிஃப்டிலும் வாட்ஸ்அப்பிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கணக்குகள் பெரும்பாலும் தமிழ்நாட்டுக்கு, அதிலும் சென்னைக்குப் பொருந்துபவை.

நான் ஒருவன் மாறினால் உலகம் மாறிவிடுமா?

மாறாது. நீங்கள் ஸ்ட்ரா வேண்டாம் என்று சொன்னதற்காக எந்த அனல்மின் நிலையமும் மூடப்படப் போவதில்லை. ‘உங்கள் கார்பன் தடம் எவ்வளவு?’ என்ற கேள்வியை 2000-களில் மக்களிடையே பரப்பியதில் பிபி என்ற எண்ணெய் நிறுவனத்தின் விளம்பரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எண்ணெய் விற்பவரே நம் பக்கம் விரலை நீட்டிய அந்தச் சாமர்த்தியத்தை மறந்துவிடக் கூடாது.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் வேண்டாம். ஒருவர் செய்வது நாலு பேர் கண்ணில் பட்டால் பரவத்தான் செய்கிறது. கலிபோர்னியாவில் வீட்டுக் கூரைகளில் சோலார் பரவியதை ஆராய்ந்து 2012-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரு பகுதியில் பேனல் போட்ட வீடுகள் கூடக் கூட, அங்கே புதிதாகப் போடுபவர்களும் கூடுவதை அது காட்டியது. அமெரிக்க மின்நிறுவனங்கள் சில, ‘உங்கள் அக்கம்பக்கத்து வீடுகள் இவ்வளவு செலவழிக்கின்றன’ என்று ஒரு தாளை வீடுகளுக்கு அனுப்பிப் பார்த்தன. சராசரியாக 2 சதவீதம் போல மின்செலவு குறைந்தது. கேட்கச் சிறிய எண்தான். ஆனால் ஒரு பல்பைக்கூட மாற்றாமல், ஒரு தாளால் மட்டும் வந்த குறைவு அது.

அதனால் எதைச் செய்யலாம் என்று யோசிக்கும்போது நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இது எத்தனை பேருடைய ஏற்பாட்டை மாற்றும்? ஆபீஸில் நீங்கள் மட்டும் பேப்பர் கப்பைத் தொடாமல் இருந்தால், ஒரு கப் மிச்சம். பேன்ட்ரியில் கண்ணாடி டம்ளர்களை வாங்கி வைத்து, கழுவ ஓர் ஏற்பாட்டையும் செய்துவிட்டால், சுற்றுச்சூழலைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்காதவரும் டம்ளரில்தான் குடிப்பார். தலைமை என்று நான் சொல்வது இதைத்தான். பதவியோ மைக்கோ வேண்டாம்.

இந்தியர்களின் சராசரியே குறைவு. அமெரிக்கர்கள் முதலில் குறைக்கட்டுமே?

நியாயமான கோபம். ஆண்டுக்கு ஓர் இந்தியரின் கணக்கில் வரும் கரியமில வாயு ஏறத்தாழ 2 டன். உலகச் சராசரி ஏறத்தாழ 4.7 டன், அமெரிக்கருக்கு 14 டன் அளவில்.

ஆனால் அந்த 2 டன் சராசரிக்குள் ஒற்றை மின்விசிறியோடு காலம் தள்ளுபவரும் இருக்கிறார், மூன்று அறையிலும் ஏசி ஓட விடுபவரும் இருக்கிறார். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் இரண்டு மாத பில் 1,000 யூனிட் வந்தால் அதுவே 700 கிலோ. ஏழையின் சராசரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது நமக்கு அழகில்லை.

அப்புறம், குப்பையும் தண்ணீரும் நம் ஊர்ப் பிரச்சினைகள். நம் போர்வெல் வற்றினால் டெக்சாஸிலிருந்து யாரும் லாரி அனுப்ப மாட்டார்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

குப்பையிலிருந்து. எல்லா வீட்டிலும் தினமும் நடக்கிற காரியம், பெரிதாகக் காசு தேவையில்லை, செய்தால் கண்ணுக்குத் தெரியும்.

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. உலக அளவில் காக்கப்பட வேண்டிய நீர்நிலம் என்ற தகுதி அது. அதே சதுப்பின் ஒரு பகுதியில்தான் பல வருடங்களாக நாம் குப்பையைக் கொட்டினோம். பெருங்குடிக் கிடங்கு 200 ஏக்கருக்கு மேல். அதே 2022 ஏப்ரலில் அங்கே தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தபோது, சுற்றுவட்டாரத்தில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை.

காய்கறித் தோலும் மீந்த சோறும் அந்த மேட்டின் அடியில் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வருகிறது. எடைக்கு எடை, நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு அளவுக்கு அது பூமியைச் சூடாக்கும். நம் நகரங்களில் வீட்டுக் குப்பையில் பாதியோ அதற்கு மேலோ இந்தச் சமையலறைக் கழிவுதான். அதைத் தனியே எடுத்துவிட்டால் மீதி காய்ந்து கிடக்கும், நாறாது, பெரும்பகுதி விலைக்கும் போகும்.

சரி, எப்படிப் பிரிப்பது?

மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லி 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். நாப்கின், டயாப்பர், பேண்டேஜ் ஆகியவற்றைப் பேப்பரில் சுற்றி, மேலே சிவப்பு மார்க்கரில் ஒரு கோடு போட்டு நான்காவதாக வைத்துவிடுங்கள். கையால் பிரிப்பவருக்கு அந்தக் கோடு பெரிய உதவி.

மக்காத குப்பையில் கவனம் தேவைப்படுவது பால் பாக்கெட். பெரும்பாலோர் மூலையைத் துண்டாக வெட்டி எறிந்துவிடுகிறோம். அந்தச் சின்ன முக்கோணம் எந்த மறுசுழற்சிக்கும் போகாது. சாக்கடைக்குத்தான் போகும். கத்தரியை முழுக்க ஓட்டாமல், துண்டு பாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும்படி பாதி வெட்டு வெட்டினால் போதும். பாலை ஊற்றியதும் உள்ளே கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, பாக்கெட்டைக் குழாயின் மேல் கவிழ்த்து வையுங்கள். காய்ந்த பாக்கெட்டைப் பழைய பேப்பர்காரர் எடை போட்டு வாங்கிக்கொள்வார். அலசாத பாக்கெட் இரண்டாம் நாளே நாறும், அதை யாரும் தொட மாட்டார்கள்.

நாம் பிரித்துக் கொடுத்தாலும் லாரியில் கலந்துதானே கொட்டுகிறார்கள்?

சில இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. மேற்பார்வையாளரிடம் பேசுங்கள், புகார் கொடுங்கள். ஆனால் அதை நம்பி மட்டும் இருக்காதீர்கள். லாரியில் கலப்பதற்கு ஒன்றும் மிஞ்சாதபடி செய்வது நம் கையில் இருக்கிறது. ஈரக்குப்பை வளாகத்துக்குள்ளேயே உரமாகட்டும். அட்டை, பாட்டில், பால் பாக்கெட் எல்லாம் ஒரு மூலையில் சேர்ந்து வாரம் ஒருமுறை காயலான் கடைக்குப் போகட்டும். அப்புறம் லாரிக்குப் போவது கொஞ்சம்தான்.

உரம் போட்டால் நாறும், புழு வரும் என்கிறார்களே?

தப்பாகப் போட்டால் இரண்டும் நடக்கும். நாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஈரம். காய்கறிக் கழிவில் தண்ணீரும் நைட்ரஜனும் அதிகம், கார்பன் குறைவு. அதை ஈடுகட்டக் காய்ந்த இலைச் சருகோ தென்னை நார்த்தூளோ வேண்டும். ஒரு கிண்ணம் கழிவு போட்டால் மேலே அரைக் கிண்ணத்திலிருந்து ஒரு கிண்ணம் வரை சருகு. மேல்புறத்தில் கழிவு கண்ணுக்கே தெரியக் கூடாது, அதுதான் அளவு. ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். ஓரிரு சொட்டு வந்தால் சரியான பதம். ஒழுகினால் இன்னும் சருகு சேர்த்துக் கிளறுங்கள். உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். முதல் தடவை ஒரு கரண்டி புளித்த மோர் தெளித்தால் வேலை சீக்கிரம் தொடங்கும்.

நெளியும் தட்டையான பழுப்புப் புழுக்கள் பெரும்பாலும் ஒருவகைக் கறுப்பு ஈயின் குழந்தைகள். கடிக்காது, நோய் பரப்பாது, கழிவைச் சாப்பிட்டுத் தீர்க்கும். பார்க்கத்தான் சங்கடம். தொட்டியை உலர்வாக வைத்தால் குறைந்துவிடும்.

தேங்காய் ஓடு, மாங்கொட்டை, எலும்பு, எண்ணெய் வடிகிற பண்டம் வேண்டாம். மீந்த சாம்பாரை வடிகட்டி, சக்கையை மட்டும் போடலாம். அடுக்குத் தொட்டி வைத்திருந்தால் மேல் அடுக்கு நிரம்பியதும் கீழே மாற்றிவிட்டு விட்டுவிடுங்கள். 45 முதல் 60 நாளில் முதல் மழை பெய்த மண்ணைப் போல வாசனை வரும். அப்போது எடுக்கலாம்.

மற்ற குடித்தனக்காரர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

இதுதான் உண்மையான வேலை, மற்றதெல்லாம் எளிது.

முதலில், ஃபார்வர்டு மெசேஜ் அனுப்புவதை நிறுத்துங்கள். ஆமை மூக்கில் ஸ்ட்ரா சிக்கிய வீடியோவைப் பார்த்து யாரும் தொட்டியை மாற்றியதாகத் தெரியவில்லை.

இரண்டாவது, சரியான ஆளிடம் பேசுங்கள். பல வீடுகளில் குப்பையைக் கட்டி வெளியே வைப்பது வேலைக்கு வரும் அக்கா. வாங்கிக்கொண்டு போவது தூய்மைப் பணியாளர். சங்கக் கூட்டத்தில் இவர்கள் இருப்பதில்லை, தீர்மானம் மட்டும் போட்டுவிடுகிறோம். எந்த நேரத்துக்குக் கொண்டுவரச் சொல்லலாம், எந்தத் தொட்டி தூக்கக் கனம், எது எங்கே இருந்தால் வசதி என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். காய்ந்த குப்பையை விற்று வரும் காசு அவர்களுக்கே என்று முதல் நாளே சொல்லிவிட்டால், உங்களைவிட அக்கறையாகப் பிரிப்பார்கள். கையுறை சங்கச் செலவில் வாங்கிக் கொடுங்கள்.

மூன்றாவது, எல்லாரும் ஒத்துக்கொள்ளட்டும் என்று காத்திருக்க வேண்டாம். விருப்பமுள்ள வீடுகளோடு ஒரு தளத்தில் தொடங்குங்கள். எதிர்ப்பு வரும். எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, “தம்பி, இதெல்லாம் கார்ப்பரேஷன் வேலை. வரி கட்டுறோமா இல்லையா?” என்று கேட்டார். நான், “கட்டுறோம் சார். ஆனா நம்ம காம்பவுண்டு வாசல்ல நாறுறதுக்கும் சேர்த்துத்தானே கட்டுறோம்?” என்றேன். சிரித்தார், ஒத்துக்கொள்ளவில்லை. உரத்தொட்டியில் முதல் அறுவடை வந்தபோது அவர் வீட்டு ரோஜாத் தொட்டிகளுக்கு ஒரு பை அனுப்பினோம். பிறகு அவரே மற்றவர்களிடம், “டீத்தூளைத் தனியா போடுங்க” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

பிரிக்காத வீட்டின் எண்ணை நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். அவமானப்பட்டவர் பிரிக்க மாட்டார், சண்டைதான் போடுவார். அதற்குப் பதில் பொது மின்கட்டணத்தையும் தண்ணீர் லாரிச் செலவையும் மாதாமாதம் லிஃப்டுக்குள் ஒட்டுங்கள். பூமியைக் காப்பாற்றப் பேசுவதைவிட மெயின்டெனன்ஸ் தொகையைப் பேசினால் காது கொடுத்துக் கேட்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டில் இதெல்லாம் யார் செய்வது?

இந்தக் கேள்வியை ஆண்கள் யாரும் என்னிடம் கேட்டதில்லை, பெண்கள் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள்.

பாக்கெட்டை அலசு, துணிப்பையைத் துவை, தொட்டியைக் கிளறு, பாத்திரம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போ என்று பசுமை வாழ்க்கையின் பட்டியல் முழுக்க ஏற்கெனவே வேலை நிறைந்த ஒருவரின் தலையில்தான் ஏறுகிறது. கணவர் ஆபீஸில் சுற்றுச்சூழல் தினத்துக்குப் பச்சைச் சட்டை போட்டுப் படம் எடுத்துக்கொள்வார். அப்படி நடக்கும் வீட்டில் மூன்று மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அதில் அந்தப் பெண்மணியைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே ஒரு விதி: யார் யோசனை சொல்கிறாரோ அவரே முதல் இரண்டு மாதம் செய்ய வேண்டும். உரத்தொட்டி வேண்டும் என்றால் கிளறுவது நீங்கள். மறுபயன்பாட்டு நாப்கினோ கப்போ நல்லது என்று தோன்றினால், அது அவரவர் உடம்பு, அவரவர் முடிவு. அதில் யாரும் தலைமை தாங்க வேண்டாம்.

மஞ்சப்பை எத்தனை வேண்டும்?

வீட்டில் இருப்பதே போதும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. அதற்கப்புறம் எந்த விழாவுக்குப் போனாலும் ஒரு துணிப்பை கொடுக்கிறார்கள், பீரோவில் குவிகிறது. பருத்தி விளைய நிறையத் தண்ணீரும் உரமும் வேண்டும். டென்மார்க் அரசு 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பருவநிலை பாதிப்பை மட்டும் கணக்கில் எடுத்தால்கூட ஒரு சாதாரணப் பருத்திப் பையைக் குறைந்தது 52 தடவை பயன்படுத்தினால்தான் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்கிறது. மற்ற பாதிப்புகளையும் சேர்த்தால் எண் ஆயிரங்களுக்குப் போகிறது. ஒரே பையைக் கிழியும்வரை பயன்படுத்துங்கள். ஒன்று வண்டிப் பெட்டியில், ஒன்று கைப்பையில்.

ஜவுளிக்கடைகளில் கொடுக்கும், துணி மாதிரி தெரியும் பையைக் கவனியுங்கள். உற்றுப் பார்த்தால் நெய்த இழை இருக்காது, புள்ளி புள்ளியாக அழுத்திய தடம் இருக்கும். அது பாலிபுரொப்பிலீன், பிளாஸ்டிக்தான். தடைப் பட்டியலிலும் இருக்கிறது.

மின்சாரத்தில் எதை மாற்றினால் பில் நிஜமாகவே குறையும்?

சார்ஜரைப் பிடுங்குவதில் ஒன்றும் பெரிதாக இல்லை. ஏசியையும் மின்விசிறியையும் பாருங்கள்.

ஏசியில் ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. 2020 முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. நாம்தான் ரிமோட்டை எடுத்து 18-க்கு இறக்கிவிட்டுப் போர்வையைத் தேடுகிறோம். 26-இல் வைத்து மின்விசிறியையும் போட்டுப் பாருங்கள்.

பழைய மின்விசிறி 75 வாட் எடுக்கும், மின்சாரம் குறைவாக எடுக்கும் பிஎல்டிசி மோட்டார் வைத்த மின்விசிறி 30 வாட் போல எடுக்கும். நம் ஊர் வெயிலில் ஹால் மின்விசிறி நாளுக்கு 15 மணி நேரமாவது ஓடுகிறது. ஒரு விசிறியிலேயே இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 40 யூனிட் மிச்சம். 100 யூனிட் இலவசம் என்பது எல்லாருக்கும் தெரியும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் கூடிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 520-இல் நிற்கும் வீட்டுக்கு ஒரு விசிறி மாற்றினாலே பில்லில் நல்ல வித்தியாசம் தெரியும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். அதிகம் ஓடுவதை முதலில்.

அடுக்குமாடியில் சோலார் போட முடியுமா?

மொட்டை மாடி பொதுச் சொத்து என்பதால் சங்கத்தின் சம்மதம் வேண்டும். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி போல இடம் தேவை. சென்னையில் நாளுக்குச் சராசரி 4 யூனிட் கிடைக்கும். 2024-இல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் தனி வீட்டுக்கு 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம். சங்கங்கள் பொதுப் பயன்பாட்டுக்குப் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். தண்ணீர் மோட்டாரைப் பகலில் ஓட்டும்படி நேரத்தை மாற்றிவிட்டால் அந்த மின்சாரம் அங்கேயே செலவாகும். பேனல் போடுமுன் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே விழுகிறது என்று டிசம்பர் வெயிலில் ஒருமுறை மாடியில் நின்று பார்த்துவிடுங்கள்.

எங்கள் கட்டடத்தில் மழைநீர் சேகரிப்பு இருக்கிறது. அப்புறமும் ஏன் லாரி?

இருக்கிறது என்று யார் சொன்னது? 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானபோது அவசரமாகப் போட்ட குழாய்கள் ஏராளம். சில, மண்ணுக்குள் ஓர் அடி போய் அப்படியே நிற்கின்றன. சிலவற்றைப் பின்னால் வந்த பிளம்பர் தெருச் சாக்கடைக்குத் திருப்பிவிட்டிருப்பார். சோதிப்பது சுலபம். மாடியில் குழாய் வாயில் இரண்டு பக்கெட் தண்ணீரை ஊற்றச் சொல்லிவிட்டு நீங்கள் கீழே கிணற்றோரமோ உறைகுழியோரமோ நில்லுங்கள். சத்தம் கேட்க வேண்டும்.

ஆயிரம் சதுர அடி மாடியில், சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர் விழுந்தால் 1.3 லட்சம் லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஒரு லட்சம் லிட்டர் மண்ணுக்குள் போகும். 12,000 லிட்டர் லாரியில் எட்டு லாரிக்கு மேல். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் வந்து இறங்கியதைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணின் மதிப்பு தெரியும்.

பராமரிப்பு வருடத்துக்கு ஒரு நாள் வேலை. செப்டம்பர் கடைசிக்குள் உறைகுழி மூடியைத் திறந்து, மேலே உள்ள ஜல்லியை வெளியே எடுத்துக் கழுவி, அடியில் சேர்ந்த சேற்றை அள்ளிவிட்டு, திரும்பப் போடுங்கள். மாடியைப் பெருக்கிவிடுங்கள். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து உள்ளே திருப்புங்கள்.

ஆர்ஓ மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் வரை வெளியே தள்ளும். அந்தக் குழாயை ஒரு பக்கெட்டில் விட்டால் வீடு துடைக்க ஆகும். செடிக்கு ஊற்றாதீர்கள், உப்பு ஏறிவிடும். உங்கள் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் உப்பை எடுக்க ஆர்ஓ தேவையே இல்லை. வேறு வகைச் சுத்திகரிப்பு போதும்.

வீட்டில் கல்யாணம். என்ன மாற்றலாம்?

இங்கேதான் ஒரு ஆள் ஒரே நாளில் ஆயிரம் பேருடைய குப்பையைத் தீர்மானிக்கிறார். வருடம் முழுக்கச் சேர்த்ததை ஒரு முகூர்த்தத்தில் விட்டுவிடுவோம், அல்லது அதைப் போலப் பல மடங்கு மிச்சம் பிடிப்போம்.

வாழை இலை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. பிரச்சினை அதைச் சுற்றி இருப்பவை: குட்டித் தண்ணீர் பாட்டில், மேசைமேல் விரிக்கும் ரோல், காபி கப், தெர்மாகோல் அலங்காரம், ஃப்ளெக்ஸ், தாம்பூலப் பை. இவற்றைச் சமையல் காண்ட்ராக்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே பேசிவிட வேண்டும். முகூர்த்தத்துக்கு முதல் நாள் சொன்னால் தலையாட்டிவிட்டுப் பாட்டிலைத்தான் வைப்பார். எவர்சில்வர் டம்ளர் வாடகைப் பாத்திரக் கடையில் கிடைக்கும். கழுவ இரண்டு ஆள் கூடுதலாகப் போடுங்கள், பாட்டில் செலவோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் கட்டுப்படியாகும்.

உணவு வீணாவதற்கு ஒரு முக்கிய காரணம், ஆள் உட்காரும் முன்பே இலை முழுக்கப் பரிமாறிவிடுவது. சர்க்கரை வியாதிக்காரர் இலையிலும் இரண்டு இனிப்பு, வயதானவர் இலையிலும் மூன்று பொரியல். பந்தி வேகமாக முடிய வேண்டும் என்பதற்காகச் செய்கிறார்கள். உட்கார்ந்தபின் கேட்டுப் பரிமாறச் சொல்லுங்கள், பந்திக்குப் பந்தி பத்து நிமிடம் கூடும். வீட்டுப் பெரியவர் ஒருவர் பந்தி நடுவே நின்று, “கேட்டுப் போடுங்கப்பா” என்று சொல்லிக்கொண்டே இருந்தால் நடக்கும். மாமாக்களுக்கு ஏற்ற வேலை.

பசுமைப் பொருள்கள் எல்லாம் விலை அதிகமாக இருக்கின்றனவே?

வாங்காதீர்கள். மூங்கில் டூத்பிரஷும் செம்பு பாட்டிலும் வாங்கினால்தான் பசுமை என்று ஒரு கடைத்தெருவே கிளம்பியிருக்கிறது. பழைய பிளாஸ்டிக் டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டுக் கண்ணாடி டப்பா வாங்குவது போன்ற வீண் வேலை வேறில்லை. உடையும்வரை அந்த டப்பாவில் பருப்புப் போட்டு வையுங்கள். ஓட்டல் சாம்பாருக்குத் தூக்குவாளி, கறிக்கடைக்கு மூடி போட்ட பாத்திரம் என்பதெல்லாம் ஒரு தலைமுறைக்கு முன் சாதாரணம். இதில் புதிதாக வாங்க என்ன இருக்கிறது?

வண்டி?

இரண்டு கிலோமீட்டருக்குள் என்றால் நடை, சைக்கிள். பஸ், மெட்ரோ வசதி இருந்தால் அது. ஸ்கூட்டர் மாற்றும் காலம் வந்தால் மின்சார ஸ்கூட்டரைப் பாருங்கள். நிலக்கரி மின்சாரத்தைக் கணக்கில் எடுத்தாலும் கிலோமீட்டருக்குப் பெட்ரோல் ஸ்கூட்டரில் பாதி அளவு புகைதான். ஓடுகிற நல்ல வண்டியை இதற்காக விற்க வேண்டாம்.

குடியிருப்பைத் தாண்டி, ஊர் அளவில் இது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி. தலைவராக இருந்த சண்முகம் மின்கட்டணம் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்தார். தெருவிளக்கும் தண்ணீர் மோட்டாரும் ஊராட்சி வருமானத்தை விழுங்கிக்கொண்டிருந்தன. 2006-இல் வங்கிக் கடன் வாங்கி, 1.55 கோடி ரூபாயில் ஊராட்சியின் பெயரிலேயே 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவினார்கள். தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்று அந்த வருமானத்தில் கடனை அடைத்தார்கள். தொடக்கம் ஒரு மின்கட்டண ரசீதை உட்கார்ந்து ஒழுங்காகப் படித்ததுதான். இதைப் படித்து முடித்ததும் உங்கள் சங்கத்தின் பொது ரசீதையும் எடுத்துப் பாருங்கள்.

நீலகிரியில் சுமார் 2000-ஆம் ஆண்டு ஆட்சியராக இருந்த சுப்ரியா சாகு, மாநிலத் தடைக்குப் பல வருடங்கள் முன்பே அங்கே பிளாஸ்டிக் ஒழிப்பைத் தொடங்கினார். அதே மாவட்டத்தில் 2022-இல் உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தரும் முறை வந்தது. குடிப்பவரிடம் யாரும் யானைக் காலில் கண்ணாடி குத்துவதைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. பத்து ரூபாய் பேசியது, பாட்டில்கள் திரும்பி வந்தன.

எல்லாவற்றையும் செய்ய முடியவில்லை. குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

யாராலும் முடியாது. இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்றாவதைப் பற்றி அடுத்த வருடம் பேசலாம். அவசரத்துக்கு ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கியதற்காக உங்களை மடக்கிக் கேள்வி கேட்கும் நண்பரிடம் அவர் வீட்டு உரத்தொட்டி எப்படிப் போகிறது என்று விசாரியுங்கள்.

போகிக்கு என்ன செய்யலாம்? பழையதை எரிக்காவிட்டால் பாட்டி கோபித்துக்கொள்கிறார்.

பாட்டி காலத்தில் எரித்தது பழைய பாயும் கிழிந்த முறமும். இப்போது எரிவது டயர், ரெக்சின், ஒயர். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திணறின. பாட்டிக்காக வளாகத்தில் நாலு வரட்டியும் ஒரு பழைய ஓலைப் பாயும் போதும், எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு தீ. பிளாஸ்டிக், துணி, எலெக்ட்ரானிக் சாமான்களை அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையே வாசலில் மூன்று மூட்டையாகச் சேர்த்துவிடுங்கள். உடுத்தக்கூடிய துணியைத் தனியாக மடித்து வையுங்கள். காயலான் கடைக்காரருக்கு முதல் வாரமே சொல்லிவைக்க வேண்டும், அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஏகக் கிராக்கி.